வேஷத்துக்கு மாலை, மனிதனுக்கு வசையா?

(மார்க்கையன்கோட்டையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேசுவதற்கு எடுத்துக் கொண்ட விஷயம், நாடகத்திலும் கூத்திலும் சினிமாவிலும் ஆண் என்றும் பெண் என்றும் காட்டப்படுவது என்ன, அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்ற நாம் எப்படி நடந்து கொள்ளுகின்றோம் என்பதைப் பற்றியதாகும். ஜாதியைப் பற்றியோ சாமியைப் பற்றியோ பேசினால் அர்த்தமுண்டு, ஸ்திரீபார்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்புக்கு நான் விரோதியல்ல. ஆனால் பிறப்பினால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பது எப்படி மனிதன் கட்டிய கட்டோ, அப்படியே ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதும் மனிதன் கட்டிய கட்டேயாகும். இந்த இரண்டாவது கட்டு அவிழ்ந்து விழுவதை நம் பாட்டன்மார்கள் கொட்டகைக்குள் காசு கொடுத்துப் பார்த்திருக்கின்றார்கள். பார்த்தார்களே ஒழிய, பார்த்தது இன்னதென்று யோசிக்கவில்லை. அதை யோசிக்கத்தான் இந்தக் கூட்டம்.

தோழர்களே! பாய்ஸ் கம்பெனி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1867-ல் பிறந்து 1922-ல் இறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-ல் நம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று ஒன்றை ஏற்படுத்தினார். சிறுவர்களே ராஜாவாகவும், சிறுவர்களே ராணியாகவும், சிறுவர்களே கிழவியாகவும் வேஷம் போட்டார்கள். அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி. கே. சண்முகம் பிற்காலத்தில் ஔவையார் வேஷம் போட்டார். அந்த வேஷத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக் கொண்டு ‘அவ்வை சண்முகம்’ ஆகி, சென்னையில் ஒரு சாலைக்கும் பெயராகிவிட்டது. வீரபாண்டிய கட்டபொம்மனாக மீசை முறுக்கி நின்று ஆண்பிள்ளை என்றால் இவன் என்று நாம் கைதட்டினோமே, அந்தச் சிவாஜி கணேசனும் சிறு வயதில் ஸ்திரீபார்ட் போட்டவர்தான்.

பையன்களைப் பெண்களாக்குவதற்கு வாத்தியார் என்ன மந்திரம் செய்தார்? மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை. நடக்கச் சொல்லிக் கொடுத்தார். தலையைக் குனியவும், முந்தானையை இழுத்து விடவும், குரலைத் தணிக்கவும், அழுதால் எப்படி அழுவது, நாணினால் எப்படி நாணுவது என்றும் சொல்லிக் கொடுத்தார். தப்பினால் அடித்தார். (அந்தக் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட அடியும், பெற்ற தாயைப் பாராமல் ஊர் ஊராய் அலைந்த கஷ்டமும் கொஞ்சநஞ்சமல்ல. அதை நான் மெச்சவில்லை.) இப்படிச் சில காலம் பழகிய பையன் மேடைக்கு வந்தால், பார்த்த ஜனங்கள் அவனைப் பெண் என்றே நம்பி அழுதார்கள்.

இப்போது நான் உங்களைக் கேட்கின்றேன். பெண் தன்மை என்பது ரத்தத்திலும் எலும்பிலும் இயற்கையாய் ஊறியதென்றால், அது எப்படி ஒரு பையனுக்குப் பிரம்பைக் கொண்டு சொல்லிக் கொடுக்கும் பாடமாயிற்று? நாடக வாத்தியார் கொட்டகையில் செய்த காரியத்தை நாம் நம் வீட்டில் செய்வதில்லையா? “பொம்பளைப் பிள்ளை என்ன சத்தமாகச் சிரிக்கிறாய்?” “ஆம்பளைப் பிள்ளை என்ன அழுகிறாய்?” இது பாடமா இல்லையா? கொட்டகையில் ஒத்திகை சில மாதம். வீட்டில் ஒத்திகை ஆயுள் முழுவதும். கொட்டகையில் விடிந்தால் வேஷத்தைக் கலைத்துவிடலாம். வீட்டு வேஷத்தைக் கலைக்க நாம் விடுவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜூடித் பட்லர் என்னும் பேரறிஞர் 1990-ல் ஒரு புத்தகம் எழுதி இதைத்தான் சொன்னார். ஆண்மை பெண்மை என்பன உள்ளே இருந்து வெளியே வருவன அல்ல, ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்து செய்தே நிலைத்துப் போனவை என்பது அவர் வாதத்தின் சாரம். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நினைத்தபோது மாட்டி நினைத்தபோது கழற்றலாம் போலிருக்கிறது என்று சிலர் கேலி செய்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. நாம் விரும்பிச் செய்வதல்ல, தவறினால் தண்டனை உண்டென்ற நிர்ப்பந்தத்தில் செய்வது என்றுதான் சொன்னார். நம் ஊரில் அந்தத் தண்டனை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணாய் நடந்த பையனுக்கு வசவும் அடியும், கல்யாணம் வேண்டாமென்ற பெண்ணுக்குப் பேயோட்டமும் கட்டாயத் தாலியும் அல்லவா?

இந்த வழியில் நாடகத்தையும் சித்திரத்தையும் சினிமாவையும் ஆராய்வதற்கு ஒரு சாஸ்திரமே ஏற்பட்டிருக்கின்றது. தமிழ்நாடு அரசாங்கம் 2022-ல் கெஜட்டில் வெளியிட்ட சொற்பட்டியலில் இத்தகைய மக்களுக்குப் ‘பால்புதுமையர்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கின்றது. ஆகவே இதைப் பால்புதுமை ஆராய்ச்சி என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். பெயர் பெரியதாக இருக்கின்றதே என்று பயப்பட வேண்டாம். அது கேட்கின்ற கேள்விகள் நம் திண்ணைக் கேள்விகளே: இந்தக் கதையில் யாரை உயர்த்துகின்றார்கள்? யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுகின்றார்கள்? யாரை மறைத்து வைத்திருக்கின்றார்கள்? இந்த மூன்று கேள்விகள்தான்.

அல்லி கதை

இந்த மூன்று கேள்விகளையும் நமக்குத் தெரிந்த ஒரு கதையிலேயே கேட்டுப் பார்ப்போம். வீரபாண்டியிலிருந்து கம்பம் வரையில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. வள்ளி திருமணமும், பவளக்கொடியும், அல்லி அர்ஜுனாவும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்தவை. அல்லி யார்? மதுரையை ஆண்டவள், வாளெடுத்தவள், ஆண்வாடையே வேண்டாமென்று பெண்களையே மந்திரிகளாகவும் சேனையாகவும் வைத்துக் கொண்டவள் என்று கதை சொல்லுகின்றது. அவளால் யாருக்கு என்ன கெடுதி? அவள் ராஜ்யத்தில் பஞ்சம் வந்ததா? பெண்டு பிள்ளைகள் அழுதார்களா? ஒன்றுமில்லை. அவள் குற்றமெல்லாம் புருஷன் வேண்டாம் என்றது ஒன்றுதான்.

அதற்கு என்ன தண்டனை? கிருஷ்ணன் துணையோடு அர்ஜுனன் வேஷம் மாறி உள்ளே புகுந்து, தூங்குகின்ற பெண்ணின் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டுப் போய்விடுகின்றான். இன்றைக்கு நம் ஊரில் ஒருவன் இப்படிச் செய்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவோமா இல்லையா? கதையில் செய்தால் அது திருமணம், அவன் வீரன், உதவி செய்தவன் கடவுள்! நாமும் விடிய விடிய விழித்திருந்து, தாலி ஏறியவுடன் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகின்றோம். அதோடும் விட்டோமா? ஒரு வீட்டில் பெண் நாலு காரியத்தைத் தானே பார்த்துக் கொண்டால் ‘அது அல்லி ராஜ்யம்’ என்று இன்றும் கேலி பேசுகின்றோம். கதை கொட்டகையில் முடிந்துவிடவில்லை, வீதிக்கு வந்து வசவாக நிற்கின்றது. எங்கும் கல்யாணம் ஒன்றே முடிவு, அதற்கு மாட்டேன் என்பவர்களைத் தந்திரத்தாலாவது மடக்க வேண்டும் என்ற உபதேசத்தைப் பாட்டோடும் ஆர்மோனியத்தோடும் நம் தலைக்குள் ஏற்றுகின்றார்கள். இதைக் கண்டு பிடிப்பதுதான் அந்த ஆராய்ச்சி. நாடகத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. பாருங்கள், பார்க்கும்போது புத்தியைக் கொட்டகைக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்கின்றேன்.

ஆண் ஏன் பெண் வேஷம் போட்டான்?

சரி, ஊரில் பெண்களே இல்லாமலா பையன்களுக்குப் புடவை கட்டினார்கள்? மேடை ஏறிய பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்று பட்டம் கட்டி வைத்திருந்ததே காரணமாகும். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் நடித்தார்கள். அங்கேயும் கதாநாயகி ஆண்தான். முதலியாருக்கு எதிரே நாயகியாய் நடித்தவர் சி. ரங்கவடிவேலு. அவர் மீது தமக்கிருந்த பிரியத்தை முதலியார் தமது ‘நாடக மேடை நினைவுகள்’ என்ற நூலில் மறைக்காமல் எழுதியிருக்கின்றார். அதற்கு இன்று நாம் ஒரு பெயர் சூட்ட வேண்டியதில்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவே அவ்வளவு பிரியம் இருக்கலாம், அதை அச்சில் எழுதலாம், படித்தவர்கள் முகம் சுளிக்கவில்லை என்பதை மாத்திரம் கவனித்தால் போதும்.

பெண்கள் சும்மா இருந்தார்களா? கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மாத்திரமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அங்கே ராஜாவும் பெண், மந்திரியும் பெண். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்தபின் வெள்ளைப் புடவை உடுத்திக் கொண்டவர், 1935-ல் வந்த ‘பக்த நந்தனார்’ சினிமாவில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்று நாடெல்லாம் பேச்சு. விதவை வெளியே வந்தாலே சகுனத் தடை என்று சொன்ன தேசத்தில், ஒரு விதவை ஆண் வேஷம் போட்டு ஆணைவிடப் பெரிய கூலி வாங்கினார்! சாஸ்திரம் என்ன செய்தது? வானம் இடிந்து விழுந்ததா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புடவை கட்டிய ஆணுக்குச் சாலையில் பெயர். மேடையில் ஆடிய பெண்ணுக்கோ ஊரில் கெட்ட பெயர். ஸ்பெஷல் நாடக நடிகைகள் விடிய விடிய மேடையில் ஆடிவிட்டு, பஸ்ஸில் வரும்போது ஒருவர் கண்ணிலும் படாமல் ஒடுங்கி, குடும்பப் பெண்ணாகத் தோன்றுவதற்கு எவ்வளவு பாடுபடுகின்றார்கள் என்பதை சூசன் சீசர் என்ற அமெரிக்க மாது மதுரையில் தங்கிப் பார்த்து 2005-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம் வீட்டு எதிரே ஆடியவர்களின் வேதனையை அறிய அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. நமக்கு ஆட்டம் மாத்திரம் வேண்டும், ஆடியவள் வேண்டாம்!

இது வெள்ளைக்காரன் சரக்கா?

இந்த இடத்தில் ஒரு பண்டிதர் எழுந்து, “இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டில் கிடையாது” என்பார். அவருக்கு அவருடைய புத்தகத்திலிருந்தே பதில் சொல்லுகின்றேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், ஆண்மை திரிந்த பேடியைக் குறிக்கும் பெயரை எந்தத் திணையில் வைப்பது என்று விதி இருக்கின்றது. எதில் வைத்தார்கள் தெரியுமா? உயர்திணையில்! இலக்கணக்காரன் உயர்திணை என்று எழுதி வைத்தவர்களைத்தான் நாம் பஸ் ஸ்டாண்டில் ‘அது வருகிறது’ என்று அஃறிணையில் பேசுகின்றோம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ‘பேடு’ என்பது ஒன்று. காமன் பேடி உருவங்கொண்டு ஆடியதாகச் சொல்லும் கூத்து அது. அதாவது ஒரு பெண், பேடி வேஷம் போட்ட ஓர் ஆணாக வேஷம் போட்டு ஆடுகின்றாள்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

உண்மையில் கப்பலில் வந்த சரக்கு எது? 1860-ல் வெள்ளைக்கார சர்க்கார் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. இங்கிலாந்து தன் நாட்டில் 1967-ல் இத்தகைய உறவைக் குற்றமல்ல என்று ஆக்கிவிட்டது. நம் சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ல்தான் அந்த வேலையைச் செய்தது. வெள்ளைக்காரன் கழற்றி எறிந்த விலங்கை ஐம்பத்தொரு வருஷம் நம் பண்பாடு என்று நாம் பூட்டிக் கொண்டிருந்தோம்!

இன்னொரு சட்டத்தை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு எதற்கு நடந்தது? கைரேகை வைக்கச் சொன்ன குற்றப்பரம்பரைச் சட்டத்துக்காக. அந்தச் சட்டத்தின் முதல் வடிவம் 1871-ல் வடநாட்டுக்காக வந்தது. அதன் முதல் பாகம் பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தைத் திருடர் என்றது. இரண்டாம் பாகம் யாரைப் பற்றியது தெரியுமா? அலிகள் என்று பெயரிட்டவர்களைப் பற்றியது. அவர்களைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். அப்படிப் பதிவானவர்கள் பெண்ணுடை உடுத்தித் தெருவில் வந்தாலும், பொது இடத்திலோ கூலிக்கோ ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும் வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு வருஷம் வரை ஜெயில்! தோழர்களே, ஆட்டத்தையே குற்றமாக்கினான். உங்கள் பாட்டனாரின் கட்டை விரலைப் பிடித்த கையும், அவர்கள் காற்சலங்கையைப் பிடுங்கிய கையும் ஒரே கைதான். நம்மைக் குற்றப்பரம்பரை என்றால் மாத்திரம் ரத்தம் கொதிக்க வேண்டும், அவர்களைச் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

புராணத்தில் இருக்கின்றது என்பவர்களுக்கு

இன்னும் சிலர் நல்ல எண்ணத்தோடு, “விஷ்ணுவே மோகினியானார், சிவன் பாதி பெண், கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக் கொள்ளுகின்றார்கள், ஆகையால் இவர்களை மதிக்க வேண்டும்” என்கின்றார்கள். இந்த உதவி நமக்கு வேண்டியதில்லை. சாமி புடவை கட்டினால் லீலை, மகன் கட்டினால் மானக்கேடு என்பவர்கள்தானே இந்தப் புராணத்தை ஆயிரம் வருஷமாய்ப் படித்து வந்தவர்கள்? சித்திரை மாதத்தில் கூவாகத்தில் கூட்டம் போட்டுப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் மறுமாதம் ஒரு திருநங்கைக்கு வீடு வாடகைக்கு விடுகின்றார்கள்? பழைய நூல்களில் உயர்திணை என்றவர்களும் உண்டு, அதே சொல்லைக் கோழைக்கு வசவாக வைத்தவர்களும் உண்டு. பழமையைச் சாட்சிக்கு அழைக்கலாம், எஜமானனாக்கக் கூடாது. புராணத்தில் இருக்கின்றது என்பதற்காக ஒருவரை மதிக்க வேண்டியதில்லை. அவர் நம் எதிரே மனிதராய் இருக்கின்றார், பசிக்கின்றது, மானம் இருக்கின்றது என்பது ஒன்று போதும்.

சினிமா

நாடகம் விட்ட இடத்தைச் சினிமா பிடித்துக் கொண்டது. இங்கேயும் அதே மூன்று கேள்விகள்தான். 1996-ல் ‘அவ்வை சண்முகி’யில் கமல்ஹாசன் மாமி வேஷம் போட்டால் ஆஹா என்கின்றோம், கடைசியில் அவன் ஆண்தான் என்று நமக்குத் தெரியும் என்பதால். 2006-ல் ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில் கொலைகாரர் இருவரையும் ஆண்மோகம் உள்ளவர்களாகக் காட்டிக் கொலைக்கு அதையும் ஓர் அடையாளமாக வைத்தார்கள். 2015-ல் ‘ஐ’ படத்தில் ஒரு திருநங்கையைக் கதாநாயகனும் நண்பனும் அருவருக்கின்ற காட்சியைத் தமாஷ் என்று வைத்தார்கள். கொட்டகையில் நாம் சிரித்த சிரிப்பு அங்கேயே நின்றுவிடுமா? மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பையனைச் சுற்றி அதே சிரிப்பு நிற்கின்றது.

2019-ல் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி திருநங்கையாக நடித்துத் தேசியப் பரிசு வாங்கினார். தகப்பன் புடவையில் வந்து நின்றாலும் அந்தச் சிறு பிள்ளை ஓடி வந்து ஒட்டிக் கொள்ளுவது நல்ல பாடம்தான். ஆனால் நடிக்கத் தெரிந்த திருநங்கை ஒருவருமா கிடைக்கவில்லை என்று கேட்பது நியாயமா இல்லையா? அன்றைக்குப் பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு ஆண் பெண்வேஷம் போட்டான். இன்றைக்குத் திருநங்கையை வெளியே நிறுத்திவிட்டு ஆண் திருநங்கை வேஷம் போடுகின்றான். கதவு திறந்தால் என்னவாகும் என்பதற்கு அத்தாட்சி நம் மதுரையிலேயே இருக்கின்றது. அனுப்பானடியில் பிறந்த நர்த்தகி நடராஜ், வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 2021-ல் தமிழ்நாடு அரசாங்கத்தின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் அங்கத்தினரானார். அவர் போட்டது வேஷமல்ல, அவரே அவர். ஆனால் ஒரு நர்த்தகிக்கு மாலை போட்டுவிட்டு, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மற்றப் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது.

ஸ்திரீபார்ட் போட்டவர்களெல்லாம் திருநங்கையர் என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். பெரும்பாலோர் பிழைப்புக்குப் போட்டவர்கள். நான் சொல்லுவது, பிழைப்புக்குப் போட்ட வேஷத்துக்கு நாம் காட்டிய மரியாதையில் பாதியையாவது வேஷமில்லாமல் வாழ விரும்புகிறவர்களுக்குக் காட்டக் கூடாதா என்பதுதான்.

நாம் செய்ய வேண்டியது

தாய்மார்களே! மதுரைப் பக்கத்து இரண்டு இளம் பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு ஓடி, பாதுகாப்புக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக் கொண்டு, அறிந்தவரிடம் பாடம் கேட்டுக் கொண்டு, 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். இவர்களைப் போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது, வைத்தியம் செய்து மாற்றுகின்றேன் என்று எந்த வைத்தியனும் கிளம்பக் கூடாது என்றார். ஒரு ஹைகோர்ட்டு நீதிபதி தெரியாததைக் கற்றுக் கொள்ள வெட்கப்படவில்லை என்றால், நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? சட்டம் எல்லாவற்றையும் கொடுத்துவிடவும் இல்லை. 2023 அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட்டு இவர்கள் கல்யாணத்துக்குச் சட்ட உரிமை கொடுக்க மறுத்துவிட்டது. ஆனால் அடிக்காமல் இருக்கவும், துரத்தாமல் இருக்கவும் நமக்குச் சட்டம் வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்டுக் கொள்ளுவது இவ்வளவுதான். ஒன்பது என்றும் அலி என்றும் கூப்பிடுவதை இந்த ஊர் இன்றோடு விட்டுவிட வேண்டும். நடை கொஞ்சம் வேறாக இருக்கின்ற பையனையும், கல்யாணம் வேண்டாமென்கின்ற பெண்ணையும் கோடாங்கியிடமோ மாத்திரை கொடுப்பவனிடமோ இழுத்துப் போகாமல், அவசரமாய்த் தாலி கட்டி இன்னொரு ஜீவனையும் சேர்த்துக் கெடுக்காமல், சோறு போட்டுப் படிக்க வைக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு நாடகம் வைக்கின்றவர்கள் நடிகைகளுக்கு மாற்றுடைக்கு மறைவிடமும், பேசிய கூலியும், ஒரு மரியாதைச் சொல்லும் கொடுக்க வேண்டும். பபூனிடம் திருநங்கையை வைத்துத் தமாஷ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தமாஷுக்கா பஞ்சம்? நம் ஜாதி ஒன்று போதாதா, விடிய விடியச் சிரிக்க!

தோழர்களே! நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக ஒத்துக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யோசியுங்கள். இவர்களில் ஒருவர் நாளைக்கு நம்மிடம் வந்து, ‘நான் இப்படித்தான்’ என்று சொன்னால், சொல்லிவிட்டு இரவு நிம்மதியாய் நம் வீட்டில் படுத்துத் தூங்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக் கொள்ளுங்கள். முடியும் என்று சொல்லத்தக்க வீடுகள் இந்த ஊரில் பத்து ஏற்பட்டாலும் நாம் கூடிய இந்தக் கூட்டத்துக்கு அது போதிய பலனாகும்.